மீன் மார்க்கெட் பையன் கவர்னர் ஆனார்!

நியூயார்க் மாநிலத்துக்கு நான்கு முறை கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆல் ஸ்மித். அவர் கல்லூரியில் படித்தவர் அல்ல. உயர்நிலைப் பள்ளியின் வாசலைக்கூட மிதித்தவர் அல்ல. சிறு வயதில் தெருவில் பத்திரிகை விற்றார். வாலிபத்தில் மீன் மார்க்கெட்டில் வேலை பார்த்தார்.

சட்டசபைக்குப் போன புதிதில், அவர் மேஜை மீது வந்து விழுந்த மசோதாக்கள் அவருக்கு விளங்கவே இல்லை. அதே மனிதர் சில ஆண்டுகளில், அந்த மாநிலத்தின் சட்டங்களை இவரைப்போல அறிந்தவர் இல்லை என்று எதிர்க்கட்சிக்காரர்களிடமே பெயர் வாங்கினார்.

அவர் எப்படிப் படித்தார்? அந்தப் படிப்பு யாருக்குப் பயன்பட்டது? அதுதான் அவருடைய வாழ்க்கை.

நம் நாட்டில் கவர்னரை ஜனாதிபதி நியமிக்கிறார். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு மாநிலத்திலும் ஜனங்களே ஓட்டுப் போட்டுக் கவர்னரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதல்-மந்திரியைப் போல, மாநிலத்தை ஆளும் பொறுப்பு அவருடையது.

பாலமும் பையனும்

ஸ்மித் 1873-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி பிறந்தார். நியூயார்க் நகரில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஆற்றங்கரைப் பகுதி அது. பக்கத்திலேயே புகழ்பெற்ற புரூக்ளின் பாலத்தைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். பாலம் வளர்ந்தது. பையனும் வளர்ந்தான்.

தகப்பனார் குதிரை வண்டியில் பாரம் ஏற்றிப் பிழைப்பவர். நோயில் விழுந்தார். வண்டியும் குதிரையும் கைவிட்டுப் போயின. 1886-ல் அவர் இறந்தார். அப்போது ஸ்மித்துக்கு வயது 12. ஒரு தங்கையும் உண்டு.

தாயார் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, குடை செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். அந்த வருமானம் போதவில்லை. எட்டாம் வகுப்பு முடியும் முன்பே பையன் பள்ளிக்கூடத்தை விட்டான்.

முதலில் ஒரு வண்டிக் கம்பெனியில் எடுபிடி வேலை. பிறகு புல்டன் மீன் மார்க்கெட்டில் வேலை கிடைத்தது. வாரம் 12 டாலர் சம்பளம். வீட்டுக்கு வேண்டிய மீன் இனாம்! விடியற்காலை 4 மணிக்கே வேலை தொடங்கிவிடும்.

மார்க்கெட்டின் கூரை மீது ஏறி, தொலைநோக்கிக் கண்ணாடியால் ஆற்றைப் பார்ப்பார். மீன் பிடி படகு தண்ணீரில் தாழ்ந்து வந்தால் மீன் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஏற்றபடி அன்றைய விலை நிர்ணயம் ஆகும்.

மீன் ஏலத்தில் கூவிய அந்தக் கணீர்க் குரல், பிறகு அரசியல் மேடைகளில் ஒலித்தது.

சிபாரிசில் கிடைத்த பதவி

அந்த நாளில் நியூயார்க் நகர அரசியலை ஆட்டிப் படைத்தது டாமனி ஹால் என்ற அமைப்பு. அது ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தது. வேலை இல்லாதவனுக்கு வேலை தேடித் தரும். குளிர் காலத்தில் ஏழை வீட்டுக்கு நிலக்கரி அனுப்பும். பதிலுக்கு ஓட்டு வாங்கிக்கொள்ளும். லஞ்சத்துக்கும் ஊழலுக்கும் அது பேர் போனது.

அந்த வட்டாரத்தின் டாமனி தலைவர் டாம் போலி. சாராயக் கடை வைத்திருந்தவர். சுறுசுறுப்பான இளைஞன் ஸ்மித்தை அவருக்குப் பிடித்துவிட்டது. 1895-ல் ஸ்மித்துக்குச் சர்க்கார் ஆபீசில் ஒரு வேலை கிடைத்தது. ஜூரிகளாக வர வேண்டியவர்களுக்கு சம்மன் கொடுக்கும் வேலை.

1900-ம் ஆண்டில் ஸ்மித் கேத்தரின் டன் என்ற பெண்ணை மணந்தார். ஐந்து குழந்தைகள் பிறந்தன.

1903-ல் டாமனி அவரைச் சட்டசபைத் தேர்தலில் நிறுத்தியது. வெற்றி பெற்றார். 1904-ம் ஆண்டு தொடக்கத்தில் தலைநகரமான ஆல்பனிக்கு ரெயில் ஏறினார்.

விளங்காத மசோதா

ஆல்பனியில் அவருக்குத் திகைப்பு காத்திருந்தது.

ஒவ்வொரு நாளும் மேஜை மீது மசோதாக்கள் குவிந்தன. இன்ன சட்டத்தின் இன்ன பிரிவில் இன்ன வார்த்தைக்குப் பதிலாக இன்ன வார்த்தையைச் சேர்க்க வேண்டும் என்று இருக்கும். பழைய சட்டமே தெரியாதவருக்குப் புதிய வார்த்தை எப்படி விளங்கும்? சபையில் வாய் திறக்காமல் உட்கார்ந்து இருந்தார். கட்சி சொன்ன பக்கம் ஓட்டுப் போட்டார்.

பாங்கிகள் பற்றிய கமிட்டியில் அவரைப் போட்டார்கள். ஜூரி சம்மன் கொடுக்கப் போனதைத் தவிர அவர் பாங்கிக்குள் நுழைந்ததே இல்லை. காடுகள் பற்றிய கமிட்டியிலும் போட்டார்கள். அவர் காட்டைக் கண்டதே இல்லை!

விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று யோசித்தார். டாம் போலியும் நகரத்தில் வேறு வேலை பார்த்துத் தருவதாகச் சொன்னார். போயிருந்தால் ஒரு நல்ல உத்தியோகஸ்தராகக் காலத்தைக் கழித்திருப்பார். ஆனால் தோற்று ஓட அவருக்கு மனம் வரவில்லை.

மற்ற உறுப்பினர்கள் மாலையில் பொழுதுபோக்கக் கிளம்பும்போது, ஸ்மித் மசோதாக் கட்டுடன் அறைக்குப் போவார். ஒரு மசோதா எந்தச் சட்டத்தைத் திருத்துகிறதோ, அந்தச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிடுவார். அரசாங்கம் எந்த இலாகாவுக்கு எவ்வளவு பணம் ஒதுக்குகிறது என்ற கணக்கையும் விடாமல் படித்தார்.

ஆண்டுகள் ஓடின. வக்கீல்களே அவரிடம் வந்து சட்டத்தில் சந்தேகம் கேட்கும் நிலை வந்தது.

ஒரு நாள் சபையில் சில உறுப்பினர்கள் தங்கள் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். ஸ்மித் எழுந்தார். தன்னுடைய பட்டம் எப்.எப்.எம். என்றார். அது என்ன பட்டம் என்று கேட்டார்கள். புல்டன் பிஷ் மார்க்கெட் என்றார்! சபையே சிரித்தது.

பூட்டிய கதவு

1911-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி. சனிக்கிழமை. மாலை நேரம்.

நியூயார்க் நகரில் டிரையாங்கிள் என்ற சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒரு பத்து மாடிக் கட்டிடத்தின் மேல் மூன்று மாடிகளில் இருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். இத்தாலியில் இருந்தும் கிழக்கு ஐரோப்பாவில் இருந்தும் பிழைக்க வந்த குடும்பத்தினர்.

வேலை முடியும் நேரத்தில் எட்டாவது மாடியில் தீப்பிடித்தது. துணிக் குவியலில் பற்றிய தீ சில நிமிடங்களில் மேலே பாய்ந்தது. ஒன்பதாவது மாடியில் இருந்தவர்கள் ஒரு கதவை நோக்கி ஓடினார்கள். கதவு பூட்டி இருந்தது. கட்டிடத்துக்கு வெளியே இருந்த இரும்பு ஏணி பாரம் தாங்காமல் ஒடிந்து விழுந்தது. தீயணைக்கும் படை விரைந்து வந்தது. அவர்களுடைய ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது.

தெருவில் நின்ற ஜனங்கள் அலறினார்கள். அவர்கள் கண் எதிரிலேயே பெண்கள் ஜன்னலில் இருந்து குதித்தார்கள்.

மொத்தம் 146 பேர் மாண்டார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள். 14 வயதுச் சிறுமிகளும் அதில் உண்டு.

முதலாளிகள் இருவர் மீது வழக்கு நடந்தது. கதவு பூட்டி இருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பதைச் சந்தேகம் இல்லாமல் நிரூபிக்க முடியவில்லை. இருவரும் விடுதலை ஆனார்கள்.

ஸ்மித் பெண்ணை இழந்த வீடுகளுக்குப் போனார். அவர் பிறந்து வளர்ந்த வீடு போன்ற வீடுகள் அவை. அவருடைய தாயார் குடை செய்யப் போனதும் இது போன்ற ஒரு தொழிற்சாலைக்குத்தான்.

நேரில் பார்த்தார்

தொழிற்சாலைகளை விசாரிக்க ஒரு கமிஷன் அமைந்தது. ராபர்ட் வாக்னர் அதன் தலைவர். ஸ்மித் துணைத் தலைவர். பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற இளம் பெண் கமிஷனுக்கு உதவியாக இருந்தார். டிரையாங்கிள் தீயைத் தெருவில் நின்று கண்ணால் கண்டவர் அவர்.

ஆபீசில் உட்கார்ந்து அறிக்கை எழுதினால் போதாது என்று பெர்கின்ஸ் நினைத்தார். தலைவர்களைக் கையோடு அழைத்துப் போனார். கயிறு திரிக்கும் ஆலையில் பத்து மணி நேர இரவு வேலை முடிந்து, பெண்கள் தள்ளாடி வெளியே வருவதை ஸ்மித் பார்த்தார். இன்னொரு தொழிற்சாலையில், தீ விபத்துக்கு வழி என்று சொல்லப்பட்ட சிறிய துவாரத்தின் வழியாக வாக்னரையே தவழ்ந்து போகச் செய்தார்கள். வெளியே பனி உறைந்த ஏணி. அதுவும் தரை வரை எட்டவில்லை!

காய்கறிகளைத் தகர டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகளில் ஐந்து வயது, ஆறு வயதுக் குழந்தைகள் விடியற்காலையில் எழுந்து வந்து பட்டாணி உரித்தார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது. தீயணைக்கும் பயிற்சி தர வேண்டும். உயரமான கட்டிடங்களில் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள் வேண்டும். பெண்கள், குழந்தைகளின் வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும். இப்படிப் பல.

சட்டத்தின் ஓட்டைகள் எங்கே இருக்கும் என்று ஸ்மித்துக்குத் தெரியும். இரவு இரவாகப் படித்தது வீண் போகவில்லை.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தரும் சட்டம் வந்தபோது, டப்பாத் தொழிற்சாலை முதலாளிகள் தங்களுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று கேட்டார்கள். ஸ்மித் எழுந்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். ஓய்வு நாளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று ஆண்டவன் சொன்ன கட்டளையைத் தாம் படித்துப் பார்த்ததாகவும், டப்பாத் தொழிற்சாலைக்கு விலக்கு என்று அதில் எங்கும் எழுதி இருக்கவில்லை என்றும் சொன்னார். உட்கார்ந்துவிட்டார்.

1913-ல் அவர் சட்டசபையின் சபாநாயகர் ஆனார். 1915-ல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த ஒரு மாநாடு கூடியது. அதற்குத் தலைமை வகித்த எலிஹு ரூட், எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் பெரிய தலைவர், பெயர் பெற்ற வக்கீல். மாநில நிர்வாகத்தை எல்லாரையும் விட நன்றாக அறிந்தவர் ஸ்மித்தான் என்று அவரே பாராட்டினார்.

கவர்னர் ஸ்மித்

1918-ல் கவர்னர் தேர்தல். நியூயார்க் மாநிலத்தில் பெண்கள் ஓட்டுப் போட்ட முதல் கவர்னர் தேர்தல் அதுதான். பதவியில் இருந்த சார்லஸ் விட்மனை ஸ்மித் சுமார் 15 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

பதவி ஏற்ற ஆண்டிலேயே சோதனை வந்தது. பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட், பால் விலை விஷயத்தில் கவர்னரைத் தாக்கினார். ஏழைக் குழந்தைகளின் வாயில் மண்ணைப் போடுகிறார் என்ற பழியைத் தினந்தோறும் அச்சிட்டார். பால் விலையை நிர்ணயிக்கும் அதிகாரமே கவர்னருக்குக் கிடையாது. ஸ்மித் கார்னிகி மண்டபத்தில் கூட்டம் போட்டு, நேரில் வந்து வாதாடும்படி ஹெர்ஸ்டை அழைத்தார். ஹெர்ஸ்ட் வரவில்லை. ஸ்மித் தனியாக நின்று பதில் சொன்னார்.

1920-ல் நாடெங்கும் தீவிரவாதிகளைப் பற்றிய பீதி பரவி இருந்தது. சோஷலிஸ்டு கட்சியைச் சேர்ந்த ஐந்து பேரைச் சட்டசபையில் இருந்து வெளியேற்றினார்கள். ஸ்மித் சோஷலிஸ்டு அல்ல. இருந்தாலும், ஜனங்கள் தேர்ந்தெடுத்தவரைச் சபை வெளியேற்றுவது முறை அல்ல என்று கண்டித்தார். பள்ளி ஆசிரியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும் மசோதாக்களுக்குக் கையெழுத்துப் போட மறுத்தார்.

அந்த ஆண்டுத் தேர்தலில் ஸ்மித் தோற்றார். ஆனால் அந்தத் தோல்வியும் ஒரு வெற்றிதான்! அதே நாளில் நடந்த ஜனாதிபதி தேர்தலில், அவருடைய கட்சி நியூயார்க் மாநிலத்தில் பத்து லட்சம் ஓட்டுக்கு மேல் பின்தங்கியது. ஸ்மித் பின்தங்கியது சுமார் 75 ஆயிரம் ஓட்டுதான்.

பதவி போனதும் ஒரு லாரிக் கம்பெனியின் தலைவரானார். வண்டிக்காரர் மகன் அல்லவா! 1922-ல் மறுபடியும் நின்றார். மூன்றரை லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். 1924-லும் 1926-லும் வென்றார்.

நிர்வாகம் அப்போது சிக்கலில் இருந்தது. நூற்றெண்பதுக்கு மேற்பட்ட இலாகாக்களும் போர்டுகளும் தனித்தனி ராஜாங்கம் நடத்தின. ஸ்மித் அவற்றை இருபதுக்குள் அடக்கினார். பள்ளிக்கூடங்களுக்குப் பணத்தைப் பெருக்கினார். பெண் தொழிலாளிகளுக்கு வாரம் 48 மணி நேர வேலை என்ற சட்டம் 1927-ல் வந்தது.

நகரத்து ஜனங்களுக்குப் பூங்காக்களும் கடற்கரைகளும் திறக்க ஏற்பாடு செய்தார். பணக்காரர்களின் பங்களாக்கள் இருந்த பக்கம் பூங்கா வருவதை அவர்கள் எதிர்த்தார்கள். நகரத்துக் கூலிக் கூட்டம் வந்துவிடும் என்று ஒரு சீமான் முறையிட்டாராம். அந்தக் கூலிக் கூட்டத்தில் தாமும் ஒருவர்தான் என்று ஸ்மித் பதில் சொன்னதாகச் சொல்வார்கள்.

மதம் குறுக்கே வந்தது

ஸ்மித் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். அமெரிக்காவில் அன்று பெரும்பாலோர் புராட்டஸ்டண்டு பிரிவினர். ஒரு கத்தோலிக்கர் ஜனாதிபதி ஆனால் ரோமாபுரியில் உள்ள போப்பாண்டவர்தான் நாட்டை ஆள்வார் என்ற பயத்தைப் பலர் கிளப்பி விட்டார்கள். கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெறிக் கூட்டம் அதில் முன்னால் நின்றது. கறுப்பர்கள், யூதர்கள், கத்தோலிக்கர்கள் எல்லாருக்கும் அது எதிரி.

1924-ல் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனநாயகக் கட்சி மாநாடு கூடியது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஸ்மித்துக்கும் வில்லியம் மெக்காடுவுக்கும் கடும் போட்டி. இருவருக்கும் அது கிடைக்கவில்லை. 103 முறை ஓட்டு எடுத்தார்கள்! கடைசியில் மூன்றாவது மனிதர் ஒருவருக்கு அந்த வாய்ப்புப் போயிற்று.

1928-ல் கட்சி ஸ்மித்தைத் தேர்ந்தெடுத்தது. பெரிய கட்சி ஒன்றின் ஜனாதிபதி வேட்பாளரான முதல் கத்தோலிக்கர் அவர்தான். எதிரே நின்றவர் ஹெர்பர்ட் ஹூவர்.

பொய்ப் பிரசாரம் புயலாக வீசியது. நியூயார்க்கில் ஆற்றுக்கு அடியில் அமைந்த சுரங்கப் பாதையின் படத்தைக் காட்டி, ரோமாபுரிக்கு ரகசிய வழி வெட்டுகிறார்கள் என்றுகூடச் சொன்னார்கள்! அவருடைய ரெயில் ஓக்லஹோமாவுக்குப் போனபோது, வழியில் கிளான் கூட்டம் சிலுவைகளைக் கொளுத்தி வைத்தது. ஸ்மித் அந்த ஊர் மேடையிலேயே ஏறி, மத வெறியைக் கண்டித்துப் பேசினார்.

மதம் மட்டுமே காரணம் அல்ல. அப்போது நாடெங்கும் மதுவிலக்கு அமலில் இருந்தது. ஸ்மித் அதை எதிர்த்தவர். டாமனி ஹாலின் கெட்ட பெயரும் அவர் மீது ஒட்டிக்கொண்டது. நாட்டில் பணம் புழங்கியதால் ஆளும் கட்சிக்குச் செல்வாக்கு இருந்தது.

ஹூவருக்கு இரண்டு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் ஓட்டு. ஸ்மித்துக்கு ஒன்றரைக் கோடி. அப்போது இருந்த 48 மாநிலங்களில் எட்டு மட்டுமே அவர் பக்கம். நான்கு முறை தேர்ந்தெடுத்த நியூயார்க் மாநிலமே அவரைக் கைவிட்டது! அதுதான் அவர் நெஞ்சில் பாய்ந்த ஈட்டி.

கசந்த கடைசிக் காலம்

ஸ்மித் அரசியலில் இருந்து ஒதுங்கினார். எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தைக் கட்டிய கம்பெனிக்குத் தலைவரானார். 102 மாடி. 1931 மே 1-ந் தேதி திறப்பு விழா. வாஷிங்டனில் இருந்து பொத்தானை அழுத்தி விளக்கேற்றியவர் யார் தெரியுமா? அவரைத் தோற்கடித்த ஜனாதிபதி ஹூவர்!

1928-ல் ஸ்மித் தோற்ற அதே நாளில், அவருடைய நண்பர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நியூயார்க் கவர்னராக வென்றார். 1932-ல் ஜனாதிபதி வேட்பாளர் பதவிக்கு இருவரும் மோதினார்கள். ரூஸ்வெல்ட் ஜெயித்தார். ஜனாதிபதியும் ஆனார்.

ஸ்மித்துக்கு மனம் கசந்தது. ரூஸ்வெல்ட் தம்மைக் கலந்துகொள்வதே இல்லை என்ற வருத்தம் ஒரு பக்கம். மத்திய அரசாங்கம் அளவுக்கு மீறி அதிகாரம் எடுத்துக்கொள்கிறது என்ற கருத்து மறு பக்கம். பெரிய முதலாளிகள் நடத்திய சங்கத்தில் சேர்ந்து, 1936-ல் ரூஸ்வெல்ட்டை எதிர்த்துப் பேசினார். பழைய நண்பர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஜனங்கள் அந்தத் தடவை அவர் பேச்சைக் கேட்கவில்லை.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! அவரைத் தொழிற்சாலைகளுக்கு அழைத்துப் போன பிரான்சிஸ் பெர்கின்ஸ், ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் மந்திரி. அமெரிக்காவின் முதல் பெண் மந்திரி அவர்தான். தவழ்ந்து போன வாக்னர், 1935-ல் தொழிலாளர் சங்க உரிமைச் சட்டத்தைக் கொண்டு வந்தார். ஸ்மித் போட்ட பாதையில்தான் அவர்கள் நடந்தார்கள். பாதை போட்டவர் எதிர்ப் பக்கம் நின்றார்.

அவருடைய வீட்டுக்கு எதிரே மிருகக்காட்சிசாலை இருந்தது. அதன் சாவி ஒன்றை அவருக்கு மரியாதையாகக் கொடுத்திருந்தார்கள். இரவில் கூட்டம் போன பிறகு தனியாகப் போய், மிருகங்களைப் பார்த்துவிட்டு வருவார்.

1944 மே மாதம் மனைவி இறந்தார். ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 4-ந் தேதி, ஸ்மித்தும் கண்ணை மூடினார். வயது 70.

1960-ல் ஜான் கென்னடி ஜனாதிபதி தேர்தலில் வென்றார். கத்தோலிக்கர் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. ஸ்மித் தோற்று 32 ஆண்டுகள் ஆகி இருந்தன.

டிரையாங்கிள் தொழிற்சாலை இருந்த கட்டிடம் பின்னர் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. இறந்த 146 பேரின் பெயர்களைப் பொறித்த நினைவுச் சின்னம் 2023-ல் அங்கே திறக்கப்பட்டது. அதில் ஆல் ஸ்மித்தின் பெயர் இல்லை. அவருடைய பெயர் இருக்கும் இடம் வேறு. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது என்று எழுதிய சட்டத்துக்குப் பின்னால் அது இருக்கிறது.